யுவராணியும் கம்பெனி டைமும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. வாயை அடக்கினால் கை எழுதும். யுவராணியைப் பற்றிச் சொல்ல வந்தவன் என் கோபத்திலிருந்து ஆரம்பிக்கிறேனே என்று நினைக்காதீர்கள். அதை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்து கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் ஜெயராமன், விற்பனைப் பிரிவு. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து வானகரத்தில் ஃபிளாட் வாங்கி, மாதத் தவணையோடு காலம் தள்ளுகிறவன். யுவராணி பருத்திப்பட்டிலேயே பிறந்தவள். அவள் அப்பா துலுக்கானம், ஏரிப் பக்கத்து வயல்களில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். அந்த வயலில் இப்போது ஆறு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதற்கு அவர்தான் வாட்ச்மேன்.

பத்தொன்பது வயதில் எங்கள் கம்பெனிக்கு வந்தாள். வெளியே போகிற லாரிக்கு கேட் பாஸ் எழுதுகிற வேலை. கம்ப்யூட்டர் பழுதாகி வெளியிலிருந்து ஆள் வந்தால் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அடுத்த முறை அதே கோளாறு வந்தால் அந்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்காது. இப்படியே பார்த்துப் பார்த்து, தபால் வழியில் ஒரு பட்டமும் வாங்கி, பதினோரு வருடத்தில் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அவள் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஒப்பந்த ஊழியர்தான். ஆபீசில் எல்லோரையும் சார் என்பாள். என்னை மட்டும் அண்ணா. கூடப்பிறந்தவன் இல்லாத பெண். அவள் கல்யாணத்தில் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்.

எங்கள் முதலாளி தட்சிணாமூர்த்தி மெயிலுக்கென்று கம்பெனிக்குள்ளேயே சொந்த சர்வர் வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவரை எங்கள் மெயிலெல்லாம் வெளியார் ஒருவரின் சர்வரில் இருந்தது. யுவராணியைக் கூப்பிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "ஒரு வாரம் பாப்பேன். ஒழுங்கா ஓடுச்சின்னா உன்னை பர்மனென்ட் பண்றேன். இல்லன்னா வெளி ஏஜென்சிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் முதுகில் அடிபட்டு வீட்டில் கிடந்து ஒரு வருடம். அந்த வீட்டில் ஒன்றாம் தேதி என்றால் அது அவள் சம்பளம்தான்.

திங்கட்கிழமை காலை சர்வர் ஓட ஆரம்பித்தது. ஆபீசுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிய மெயில் கண் இமைப்பதற்குள் போனது. வெளியிலிருந்து வருவதும் வந்தது. ஆனால் எங்களிடமிருந்து வெளியே ஒன்றுகூடப் போகவில்லை.

எனக்குத் தலையில் இடி விழுந்தது மாதிரி ஆகிவிட்டது. எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர், சரக்கில் குறை சொல்லி விளக்கம் கேட்டிருந்தார். புதன்கிழமை ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். அதுவும் அவர்களிடம் பதிவு செய்து வைத்திருக்கும் கம்பெனி முகவரியிலிருந்துதான் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு.

"இன்னாணா, ஒரு நாள் டைம் குடு. பாத்துகினுதான் கீறேன்" என்றாள் யுவராணி.

"ஒரு நாள் ஒரு நாள்னு சொல்லியே ஆர்டரைத் தொலைச்சுடுவே போலிருக்கே" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவள் நோட்டை எடுத்து, கோளாறு எங்கெல்லாம் இருக்கலாம் என்று வரிசையாக எழுத ஆரம்பித்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு மெயில் எழுதினேன். அவர் கம்பெனி மெயிலைத் திறக்கவே மாட்டார், செல்போனில் வரும் சொந்த முகவரிதான் பார்ப்பார் என்பதால் அதற்கே போட்டேன். 'யுவராணியை உடனே மாற்றவும்' என்று தலைப்பு. உள்ளே எழுதியதை இப்போது சொல்லவும் நாக்கு கூசுகிறது. 'கேட் பாஸ் எழுதினவளிடம் சர்வரைக் கொடுத்தால் குரங்கு கையில் பூமாலைதான். ஏஜென்சியைக் கூப்பிடுங்கள்.'

முதலாளியிடமிருந்து பதில் வரவில்லை. யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே எதுவும் போகவில்லை என்று ஊரையே கூட்டியவனுக்கு, தான் அனுப்பியதும் போயிருக்காது என்று தோன்றவில்லை பாருங்கள். கோபக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

செவ்வாய் முழுக்க யுவராணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கேபிள் சரி. கம்பெனியின் பெயரும் முகவரியும் சரியாகப் பதிவாகியிருக்கின்றன. குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் பட்டியல் எதிலும் நம் பெயர் இல்லை. சர்வர் விற்றவனைக் கூப்பிட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்று ஒரே பாட்டு. புதன்கிழமை மத்தியானம் நோட்டில் அடிக்க எதுவும் மிச்சமில்லை. அவள் முகம் காய்ந்துபோயிருந்தது.

கடைசியாக, அந்த வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் பிரிவுக்கே போன் போட்டாள். நிர்மல் என்று ஒருவர் எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். முதலாளி அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"உங்க மெயில் எங்க வாசல் வரைக்கும் வருது மேடம். எங்க சர்வர்தான் உள்ள விடல. நீங்க கடைசியா அனுப்பினதுல நாலு இருபத்தஞ்சுன்னு நேர முத்திரை இருக்கு" என்றார் நிர்மல்.

"ஆமா சார், இப்பதான் அனுப்புனேன்."

"இப்ப மணி நாலு பத்துதானே மேடம். இன்னும் வராத நேரத்துல முத்திரை குத்தின மெயிலை எப்படி நம்பி உள்ள விடறது?"

யுவராணி சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. என் செல்போனில் நாலு பத்து. பேயறைந்த மாதிரி இரண்டு பேரும் நின்றோம்.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் கம்பெனி வாசலில், விரல் வைத்து வருகை பதிகிற மெஷின் ஒன்று உண்டு. அது ஊர் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். ஆட்கள் சீக்கிரம் வர வேண்டும் என்று முதலாளி செய்த ஏற்பாடு. சுவர்க் கடிகாரத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை உள்ளே இருக்கிற எல்லாம் அந்த மெஷினைப் பார்த்துத்தான் மணி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கம்பெனி டைம் என்று பெயர். சாயங்காலச் சங்கு மட்டும் ஊர் டைமுக்கு ஊதும், அது ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே இதெல்லாம் பழகிவிடும். அப்புறம் அது தப்பு நேரம் என்கிற நினைப்பே யாருக்கும் வராது. மெயில் வெளியார் சர்வரில் இருந்தவரை அதன் முத்திரை ஊர் டைமிலேயே விழுந்தது.

"அண்ணா, சர்வருக்கும் கேட் மெஷின் டைமைத்தான் குடுத்துகீறேன்" என்றாள் யுவராணி. "எந்தப் பொட்டி வந்தாலும் மொதல்ல அதத்தானே குடுப்போம். கை அது பாட்டுக்குக் குடுத்துச்சுணா. போவாத மெயிலை அது திரும்பத் திரும்ப அனுப்புது. ஒவ்வொரு வாட்டியும் புதுசா முத்திரை குத்துது. ஒவ்வொரு வாட்டியும் கால் மணி முன்னாடி."

மூன்று நாளாக ஊரெல்லாம் தேடிய கோளாறு எங்கள் தலைக்கு மேல் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கேட் மெஷினுடனான தொடர்பை அறுத்து, சர்வருக்கு ஊர் நேரத்தைக் கொடுக்க அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு, போகாமல் தேங்கிக் கிடந்த மெயில்களின் பட்டியலைத் திறந்தாள். நூற்றுப் பதினேழு. யார் அனுப்பியது, யாருக்கு, என்ன தலைப்பு என்று வரிசையாக இருந்தது. என் விளக்கக் கடிதம் இருக்கிறதா என்று பார்க்க மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

விரல் நின்றது.

ஜெயராமன். முதலாளியின் சொந்த முகவரி. 'யுவராணியை உடனே மாற்றவும்.'

பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பின்கழுத்து மட்டும் அசையாமல் தெரிந்தது.

"யுவராணி" என்றேன். "அந்த ஒண்ணை மட்டும் அழிச்சிடும்மா."

"எத சார்?"

"அதான்மா. நான் கோவத்துல..."

"மெயிலை அழிக்கிற வேலை எனக்குக் குடுக்கல சார். போவாத மெயிலைப் போவ வெக்கிறதுதான் என் வேலை."

பொத்தானை அழுத்தினாள். பட்டியல் மளமளவென்று கரைந்தது. நூறு, அறுபது, பதினொன்று, பிறகு ஒன்றுமில்லை. அடுத்த நிமிடம் நிர்மல் போனில், "வந்துடுச்சு மேடம்" என்றார். ஊர் நேரம் நாலு இருபது. ஆர்டர் பிழைத்தது. அதே நேரத்தில் முதலாளி அறையில் செல்போன் சிணுங்கியது.

ஐந்து நிமிடம் கழித்து அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஜெயராமா, உன் மெயில் இப்பதான் வந்துது. நான் நினைச்சதைத்தான் நீயும் எழுதியிருக்க. ஒரு மணி வைக்கத் தெரியல, மூணு நாள் வீண். ஏஜென்சிக்கு நாளைக்கே சொல்லிடு."

அவர் என் பெயரைச் சொல்லி, என் வார்த்தையாலேயே அவள் வேலையைப் பறிக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, பாம்பு வேறொருத்தியைப் பிடிக்க வருகிறது. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"மணியை மாத்தி வெச்சது அவ இல்ல சார், நீங்க" என்றேன். இருபது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இங்க எது வந்தாலும் கேட் மெஷின் டைம்தான் வைக்கணும்னு போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க. அவ அதைத்தான் செஞ்சா. கண்டுபிடிச்சதும் அவதான். ஏஜென்சிக்காரன் வந்திருந்தா ஒரு மாசம் தேடியிருப்பான். அந்த மெயிலை எழுதினவன் ஒரு மடையன் சார்."

"எழுதினது நீதானேய்யா?"

"ஆமா சார். அதனாலதான் சொல்றேன்."

முதலாளி என்னையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் சீட்டும் கிழிந்தது என்றே நினைத்தேன்.

"ஆர்டர் தப்பிச்சுதா?" என்றார்.

"தப்பிச்சுது சார்."

"அப்ப வாரம் முடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாரம் முடிந்தது. ஒரு மெயில்கூடத் தவறவில்லை. சனிக்கிழமை யுவராணிக்கு நிரந்தர ஆணை வந்தது. கேட் மெஷின் இன்றும் பதினைந்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. கம்பெனிக்குள் ஊர் நேரத்துக்கு ஓடுவது சங்கும் அவளுடைய சர்வரும்தான்.

ஆணை வந்த அன்று அவள் மைசூர்பாகு வாங்கி வந்து மேசை மேசையாகக் கொடுத்தாள். கேட்டில் இருக்கிறவர்களுக்கு, கேன்டீனுக்கு, முதலாளிக்கு. என் மேசைக்கும் வந்தாள். மன்னிப்புக் கேட்க மூன்று நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் சிரித்த முகமாகத்தான் பெட்டியை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க சார்" என்றாள்.

எடுத்துக்கொண்டேன். இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் நான் அவளுக்கு சார்தான்.