பதின்மூன்று பேரைக் குறைத்துச் சொன்னேன்

எங்கள் ஊரின் எல்லையைச் சொல்வது எளிது. தெற்கே தாமிரபரணி, வடக்கே கால்வாய். நடுவிலுள்ள மேட்டில் பதினாறு வீடு, ஒரு அம்மன் கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி. கிழக்கு வீட்டில் தும்மினால் மேற்கு வீட்டில் யாருக்குச் சளி என்று கேட்பார்கள். முக்கூடல் போகிற பெரிய சாலைக்குக் கால்வாய்க் கரையோடு ஒரு மைல் நடக்க வேண்டும். அந்த நடை மிச்சமாகத்தான் காலையும் மாலையும் டவுன் பஸ் உள்ளே வந்து, கோயில் வேம்பைச் சுற்றித் திரும்பும்.

அந்த பஸ்ஸை வரவிடாமல் செய்தது நான்தான். வெளியாள் முன்னால் வாயே திறக்காதவள் என்று பெயரெடுத்தவள், ஒரே ஒருமுறை திறந்தேன்.

ஐப்பசி நடவு நேரம். எல்லோரும் வயலில். முழங்கால் வலியால் நான் மட்டும் வீட்டில். பஸ் ஆபீசிலிருந்து ஒருவர் நோட்டோடு வந்து, "ஆச்சி, இந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேரு இருக்கிய?" என்றார்.

கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். ஐம்பத்து மூன்று பேர் என்று தெரியும். ஆனால் எங்கள் பக்கம் உள்ளபடி தலையெண்ணிச் சொல்ல மாட்டோம், கண் பட்டுவிடும். ஐந்து ஆண்பிள்ளை பெற்ற என் மாமியார், யார் கேட்டாலும் "ஏதோ நாலு கிடக்கு" என்பார். அந்தக் கணக்கில் வராத கடைசிப் பிள்ளைக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன்.

அதனால் வீட்டுக்கு ஒருவரைக் குறைத்தேன். ஒற்றை ஆளாக இருக்கிற மூன்று வீட்டில் மட்டும் குறைக்க மனம் வரவில்லை. அதில் ஒன்று என் வீடு.

"நாப்பது பேரு இருப்போம்" என்றேன். எழுதிக்கொண்டு போனார். ஊரையே கண்ணேறிலிருந்து காப்பாற்றிய பெருமையில் அன்று இரண்டு டம்ளர் காப்பி குடித்தேன்.

மறு மாதம் பஸ் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. ஐம்பது பேராவது இருந்தால்தான் உள்ளே வருமாம்.

அடுத்த வீட்டு மருமகளுக்கு அப்போது ஏழு மாதம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்விட்டு, சேறான செருப்பைக் கையில் பிடித்தபடி நேராக என் வாசலுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்க வீட்ல யாரைக் கொறைச்சிய?"

"உன்னையத்தான் தாயி. ரெண்டு உயிரா இருக்க, கண்ணு பட்டுரக் கூடாதுன்னு."

"நல்லா பாத்திய. கண்ணு படல, கரையில வழுக்கி விழப் பாத்தேன். வலி எடுத்தா உருண்டா போவேன்? பதிமூணு பேரைக் கொன்னுட்டு காப்பி வேற குடிச்சிருக்கிய."

எந்த வீட்டில் சொன்னேனோ தெரியவில்லை, காப்பி வரைக்கும் அவளுக்கு எட்டியிருந்தது.

மறுநாள் பதினாறு வீட்டு ரேஷன் கார்டையும் மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு அவளோடு பஸ் ஆபீசுக்குப் போனேன். வழியெல்லாம் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து மூன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே அதே ஆள்.

"நாப்பதுன்னு சொன்னிய. ஒரு மாசத்துல பதிமூணு பேரு எங்கன இருந்து ஆச்சி வந்தாவ?"

 பையை மேசையில் கவிழ்த்தேன். அவர் கார்டு கார்டாக எடுத்துச் சத்தமாக எண்ணினார். ஆபீசே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எண்ண எண்ண, என் கை தானாக முந்தானையை இழுத்து அந்தப் பெண்ணின் வயிற்றை மூடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பேசாம இருங்க ஆச்சி" என்றாள். நான் எங்கே பேசினேன்?

மார்கழியில் பஸ் மறுபடி வேம்பைச் சுற்றியது. முதல் நாள் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸைச் சுற்றி வந்தேன். டிரைவர் மெதுவாக இறங்கி, புது பஸ் என்று நினைத்தேனோ என்று கேட்டார். தையில் அவள் அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய், அதிலேயே பெண்பிள்ளையோடு திரும்பினாள். துணைக்குப் போன நான் குழந்தையை மடியில் வைத்திருந்தேன்.

"இப்ப ஊர்ல ஐம்பத்து நாலா ஆச்சி?" என்றார் கண்டக்டர்.

"ஐம்பத்து மூணுதான்" என்று வாய் முந்திக்கொண்டது.

பக்கத்திலிருந்து இடுப்பில் ஒரு இடி விழுந்தது.

"ஐம்பத்து நாலு" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.