அரைக்கப் போன கொதிகலன் பதிவேடு

ஆலையில் எல்லோரும் அவரைப் 'பொறுங்கக்கா' என்றுதான் சொல்வார்கள். ஆவண அறைப் பொறுப்பாளர். முதலாளியே வந்து ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அவரைக் கேட்காமல் அங்கே கரப்பான்பூச்சிகூடக் காகிதத்தைக் கடிக்காது என்று கேலி பேசுவார்கள்.

கொதிகலன்காரரும் அப்படிச் சிரித்தவர்தான். மூன்று வருஷத்துக்கு முன் வால்வு வெடித்து ஒரு ஃபிட்டருக்குக் கண் போனது. கசிவைப் பற்றி எழுதி வைக்கவில்லை என்று பழி இவர் தலையில் விழுந்தது. பதிவேட்டின் முன்பக்கம் முழுக்க அச்சடித்த கட்டங்கள், குறை எழுத இடமில்லை, வழக்கம்போலப் பின்பக்கம் எழுதினேன் என்றார். பின்பக்கமெல்லாம் வெறும் தாள், அதனால்தான் ஸ்கேனே எடுக்கவில்லை என்றார்கள் ஸ்கேன் எடுத்த கம்பெனிக்காரர்கள். அசல் அவர்களுடைய கிடங்கில் மூட்டைக்குள் கிடந்தது, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. போகப் போக அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றினார்கள், போனார்.

அன்று கிடங்கிலிருந்து திரும்பி வந்த மூட்டைகளைத்தான் தூக்கிக்கொண்டிருந்தார். ஸ்கேன் ஆயிற்று, வைத்திருக்க வேண்டிய கெடுவும் முடிந்தது, அரைத்துவிடுங்கள் என்பது மேலாளரின் உத்தரவு. காகிதம் அரைக்கும் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அழிப்புச் சான்றில் அக்கா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவர் போடவில்லை. கண் போன ஃபிட்டரின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அது சம்பந்தப்பட்ட தாளை அழித்தால் கெடு முடிந்தது என்று சொல்லித் தப்ப முடியாது, சாட்சியத்தை அழித்ததாகிவிடும் என்றார். மேலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்கேன்தான் இருக்கிறதே என்றார்.

"ஸ்கேன் முழுசா இருக்குன்னு பாத்துட்டுத்தான் சார் நான் கையெழுத்துப் போடணும். பொறுங்க."

மூட்டையை அவிழ்த்து, கொதிகலன் பதிவேட்டைத் தரையில் விரித்து, கணினித் திரையோடு தாள் தாளாக ஒப்பிட்டார். லாரிக்காரர் இஞ்சினை அணைத்தார். மேலாளர் இரண்டு தரம் வந்து கத்திவிட்டுப் போனார். அக்கா நிமிரவே இல்லை. கொதிகலன்காரர் மலைத்துப்போய் நின்றார். தன் ஒரு தாளுக்காக இப்படி ஒரு மனுஷி உட்கார முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அந்தத் தாளில் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் கூடவே வந்தது.

மதியம் தாண்டியதும் அக்கா கூப்பிட்டார்.

"இங்க வாங்கண்ணே. இது உங்க எழுத்தா பாருங்க."

தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. வால்வு கசிகிறது, உடனே மாற்ற வேண்டும். கீழே பொறியாளரின் சுருக்கொப்பம், வால்வு வெடிப்பதற்கு முந்தைய தேதியோடு.

கொதிகலன்காரர் அதைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் பொண்ணுகிட்ட, நான்தான் எழுத மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டேங்க்கா."

அக்கா அந்தப் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு, மேசையிலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.