இரண்டு இடத்துப் பிடித்தம்

ஏலப்பாறையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் குடை. ஐந்து வருடமாகப் பகலில் தேயிலை ஃபேக்டரியிலும் இரவில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வாட்ச்மேனாகவும் இருந்தேன். தூக்கம் பற்றாது, முழங்கால் வலிக்கும். மற்றபடி குறையில்லை. இரண்டு இடத்திலும் பிஎஃப் பிடித்தார்கள்.

பத்து வருட சர்வீஸ் இருந்தால், ஐம்பது தாண்டியதும் குறைத்தாவது மாதா மாதம் பென்ஷன் உண்டு. இரண்டு இடத்திலும் ஐந்தைந்து, ஆகப் பத்து என்று இரண்டையும் விட்டுவிட்டேன். தோட்டத்தில் வேலை பார்த்தவன் அப்படித்தான் எண்ணுவான். கொழுந்து மிகுந்த நாளில் பொழுது சாயும்வரை நின்றால், ஒரே நாளுக்கு ஒன்றரை நாள் கணக்கு எழுதுவார்கள். இப்போது போய்க்கொண்டிருந்த முதலமடையில் மாங்காய் சீசன். பென்ஷன் வந்தால் பிடித்த நாளில் வேலை, பிடிக்காத நாளில் நடை.

பென்ஷனுக்கு எழுதிக்கொடுக்க வழியில் அக்ஷயா என்கிற அரசு இ-சேவை சென்டரில் ஏறினேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் என் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்களுக்கு அஞ்சு வருசந்தான் காட்டுது."

"ரெண்டு இடம்மா. பத்து."

"ஒரே காலத்துல ரெண்டு இடத்துல பாத்தாலும் வருசம் ஒண்ணுதாண்ணே. பணத்துக்கும் வரம்பு இருக்கு. ரெண்டு சம்பளத்தையும் சேத்து ஒரு அளவு வரைக்குந்தான் பென்ஷனுக்குப் போகும்."

"அதுக்கு முந்தி பத்துப் பதினஞ்சு இடத்துல பாத்திருக்கேனே?"

"விலகுறப்பல்லாம் பணத்த எடுத்துட்டீங்களே. அந்த சர்வீஸ் அதோட போச்சு. இதையாச்சும் எடுத்துராதீங்க."

பின்னால் கைரேகை வைக்கக் காத்திருந்த அம்மாள் சிரித்தாள். "மத்தியானம் ரெண்டு தடவ சோறு தின்னா ரெண்டு நாள் ஆயிருமாய்யா?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? எனக்கு ஐம்பத்தொன்று. இன்னும் ஐந்து வருடம் ஓட்ட முடியாத வயதில்லை.

வெளியே வந்து முதலமடை மாங்காய் மண்டிக்காரருக்குப் போன் செய்தேன். "பிஎஃப் பிடிப்பீங்களா?"

"ஏனுங்க, மாங்காய்க்கு ஏதுங்க பிஎஃப்? சாயங்காலமானா கூலியக் கையில வாங்கிட்டுப் போயிட்டே இருக்கலாமுங்க."

அன்று காலைவரை அந்தப் பேச்சு எனக்கு இனித்திருக்கும். வரவில்லை என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். உடும்பஞ்சோலையில் இறங்கும்போது மழை தூறியது. தெரிந்த டீக்கடைப் பெஞ்சில் படுத்தேன்.

காலையில் ஓர் ஏலத்தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். ஏலச்செடிகளுக்கு அடியில் களையெடுக்கும் வேலை இருந்தது. கூலி மண்டியைவிடக் குறைவு.

"பிடித்தம் உண்டு, பரவாயில்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"அதுக்குத்தான் வந்தேன்" என்று பழைய பிஎஃப் நம்பரையே கொடுத்தேன். அரிவாளைக் கையில் தந்து, மேல்சரிவைக் காட்டினார்.