பங்காளி அறையில் தங்கியவர்

நேமத்தான்பட்டியில் யாருக்கு என்ன காரியம் ஆகவேண்டியிருந்தாலும் முதலில் அழகுசுந்தரத்தின் காதில்தான் போடுவார்கள். மின்வாரியத்தில் தெரிந்த ஆள் வேண்டுமா, ரயில் டிக்கெட் உறுதியாகவில்லையா, மண்டபத்தில் கல்யாணத் தேதி இடிக்கிறதா, எதுவானாலும் "விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். பாதிக் காரியம் தானாகவே நடந்துவிடும். மீதியை மறந்துவிடுவார். நடந்ததற்கு மட்டும் பேர் வாங்கிக்கொள்வார். கெட்ட மனுஷர் இல்லை. நாலு பேர் தன்னைப் பெரிய மனுஷன் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசை யாரைத்தான் விட்டது?

மதுரையில் சொந்தக்காரர் பாத்திரக்கடையில் வெகுகாலம் கணக்கு மேசையில் உட்கார்ந்துவிட்டு, மனைவி நாச்சியம்மையோடு ஊர் திரும்பியவர். பிறந்த வீடு பொதுவீடு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆனால் அதில் அவருக்கென்று இருப்பது நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறைதான். மற்ற அறைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளுடையவை. சாவிகள் எல்லாம் இவரிடம். வெள்ளிக்கிழமை திறந்து கூட்டித் துடைக்கலாம். அதற்கு மேல் ஒருவர் அறையில் இன்னொருவர் ஒரு செம்பைக்கூட வைக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் இதை மீறப்போய்ப் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் அந்த ஊரில் ஏராளம். அதிலும், வெளியாளை உள்ளே படுக்க வைத்தார் என்று பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான், அடுத்த படைப்புக்கு முகத்தைக் காட்ட முடியாது.

படைப்பு என்பது முன்னோருக்குச் செய்கிற கும்பிடு. எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாம் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். இந்த வருஷம் படைப்புக்கு முன்னால் வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் பொறுப்பை அழகுசுந்தரம் ஏற்றுக்கொண்டார். வேலைக்கு வந்தவர் தவராசா.

தவராசா இலங்கைக்காரர். சின்னப் பிள்ளையாகத் தாயின் இடுப்பில் உட்கார்ந்து படகில் வந்தவர். சிவகங்கைப் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே புவனாவைக் கட்டி, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனும் ஆகிவிட்டார். முகாமில் பாதிப் பேருக்குப் பெயிண்ட் வேலைதான் சோறு போடுகிறது. அவருடைய கை சுத்தமான கை. சுவரில் அடித்தால் தரையில் ஒரு சொட்டு விழாது. நாச்சியம்மை பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவார்.

வேலை முக்கால்வாசி முடிந்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பூசியது காயவில்லை. பங்காளிகள் வரும் நாள் நெருங்க நெருங்க அழகுசுந்தரம் வானத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தவராசா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஐயா, நாளைக்கு முகாமில செக்கிங். ஆளைப் பாத்துத்தான் பதிவு போடுவினம். நான் போயிட்டு வந்திடுறன்."

"நல்ல நேரம் பாத்தீக! போயிட்டு வந்தா ரெண்டு நாளு போயிரும். வேலை நிக்கிதுல்ல?"

"நான் முன்னமே ரெண்டு தரம் வேலைக்குப் போய்ப் பதிவுக்கு நிக்கேல்ல. இனி விட்டா பேரை எடுத்துப்போடுவம் எண்டு சொல்லியிருக்கினம்."

"யாரு எடுக்குறது? அந்த ஆபீசரை எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டா முடிஞ்சுது. நீங்க வேலையைப் பாருங்க, நான் பாத்துக்கிறேன்."

தவராசா மறுபடி ஏணியில் ஏறினார். பெரிய வீட்டுக்காரர் சொல்கிறார், எப்படி நம்பாமல் இருப்பார்?

அழகுசுந்தரம் போன் போடாமல் இல்லை. போட்டார். எடுக்கவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

முகப்பில் வண்ணம் ஈரம், இரண்டாம் கட்டு முழுக்க ஒழுக்கு. தவராசா படுக்க இடமில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் பங்காளிப் பையன் அக்ஷயின் அறைதான் காய்ந்து கிடந்தது. அழகுசுந்தரம் அந்தப் பூட்டைத் திறந்தார். "யாருக்கும் மூச்சு விடக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பாயும் தலையணையும் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு அவர் மனசு நல்ல மனசுதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

படைப்புக்கு முன்னாலேயே தவராசாவுக்கு விசாரணை வந்தது. பதிவு நாளன்று ஆள் இல்லை. படகு ஏறி வேறு நாட்டுக்குப் போகப் பார்த்தாரோ என்று சந்தேகம். அப்படி முடிவானால் அகதிப் பதிவு ரத்து. அந்தப் பதிவு இருக்கிறவரைக்கும்தான் அவர் அகதி. அது போய்விட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டுக்காரர். வழக்குப் போடலாம், தனியே அடைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். பெண்டாட்டி பிள்ளையின் பதிவு இங்கே இருக்கும், இவர் மட்டும் எங்கோ. இரவும் பகலும் இவர் என் வீட்டில்தான் வேலையாக இருந்தார், போகவிடாமல் நிறுத்தியது நான்தான் என்று அழகுசுந்தரம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இதுக்கு ஏன் கலங்குறீக? நானே நேர்ல வாரேன்" என்று தவராசாவிடம் போனில் சொன்னார்.

சொன்னபடி விசாரணை நடக்கும் ஆபீசுக்குக் கிளம்பவும் செய்தார். கிளம்பும்போது பெரிய பங்காளி சாத்தப்பன் காரோடு வாசலில் வந்து நின்றார். படைப்புக்கு முன்கூட்டியே வந்து காரைக்குடியில் தங்கியிருந்தவர். பங்காளிகளுக்குள் அவர் சொல்தான் கடைசிச் சொல்.

"பஸ்ஸுல எதுக்குடா போற? ஏறு, நான் அங்குட்டுத்தான் போறேன்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் அகப்படவில்லை. கோவிலூர் தாண்டும்போதே, இவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று அழகுசுந்தரம் யோசிக்கத் தொடங்கினார். சாத்தப்பன் காரிலேயே இருந்துவிடுவார் என்று நினைத்தார். அவரோ கூடவே இறங்கி, உள்ளே வந்து, பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

எதிரே தவராசா நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "உங்க வீட்ல வேலை பார்த்தாரா?"

"ஆமாங்க. நல்ல வேலைக்காரரு."

"ராத்திரியும் அங்கேயேதான் தங்கினாரா? எங்கே தங்கினார்?"

இரண்டே கேள்வி. அழகுசுந்தரம் வாயைத் திறந்தார். பக்கத்தில் சாத்தப்பன் செருமினார். சளிச் செருமல்தான், வேறொன்றுமில்லை. ஆனால் இவருக்கு அக்ஷயின் அறையும், அதில் விரித்த பாயும், படைப்புப் பந்தியில் எல்லாரும் தன்னைப் பார்க்கிற பார்வையும் ஒன்றாகக் கண்ணில் வந்து நின்றன.

"பகல்ல வேலைக்கு வருவாருங்க. சாயங்காலம் போயிருவாரு. ராத்திரி எங்க போனாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே திக்கென்றது. தவராசா அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. இந்த மனுஷருக்கு என்ன சங்கடமோ என்று கவலைப்படுகிற பார்வை அது. பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"ஓம் சேர். ஐயாவுக்குத் தெரியாது. எனக்கு வெளியில ஒரு அலுவல் இருந்தது."

திரும்பும் வழியில் சாத்தப்பன், இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை என்று பேசிக்கொண்டே வந்தார். அழகுசுந்தரம் ஊம் கொட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சியம்மை கேட்டார். "சொல்லிட்டீகளா?"

"ம்."

நாச்சியம்மை அவர் முகத்தையே பார்த்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிற முகம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

படைப்பு அமர்க்களமாக நடந்தது. சுவரைப் பார்த்தவர்கள் எல்லாம் அழகுசுந்தரத்தின் தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. பந்தி முடிந்து எல்லாரும் வளவில் காலாற உட்கார்ந்திருந்தபோது, தன் அறையைத் திறந்த அக்ஷய் எட்டிப் பார்த்தான்.

"பெரியப்பச்சி, என் ரூம்ல யாரும் தங்குனாகளா? பாய் இருக்கு."

அழகுசுந்தரம் பொய் தேடினார். அகப்படவில்லை. அதற்குள் நாச்சியம்மை முந்திக்கொண்டார்.

"பெயிண்டர் தம்பி தங்குனாரு. மழைக்கு வேற இடமில்ல. இவுகதான் திறந்துவிட்டாக."

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றான் அக்ஷய். "வருஷம் பூரா பூட்டியே கெடக்கு. வேணும்னா இனிமேலும் யாரையாச்சும் தங்க வைங்க." சொல்லிவிட்டு மொபைலைப் பார்க்கப் போய்விட்டான். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. யாரும் வெற்றிலையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சாத்தப்பன் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார். "டேய், அன்னைக்கு ஆபீசுல நின்ன ஆளுதானே? ராத்திரி எங்க போனாருன்னு தெரியாதுன்னு சொன்ன?"

அழகுசுந்தரம் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"நான் பக்கத்துலதானேடா உக்காந்திருந்தேன். எங்கிட்ட சொல்லியிருந்தா நானே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேனே. ஒரு குடும்பத்துக் காரியம்டா!"

யாருக்குப் பயந்து ஒரு மனுஷரைக் கைவிட்டாரோ, அவரே இப்படிக் கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நாலு வசவு விழுந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அழகுசுந்தரம் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவினார். கழுவக் கழுவ எரிந்தது.

மறுநாள் காலையில் முகாமுக்குப் போனார். தவராசா ஏதோ கூலி வேலைக்குப் போயிருந்தார். புவனா வாசலுக்கு ஓடி வந்து, இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். பிள்ளையைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு மழைக்குள்ள இடம் தந்த ஐயா இவர்தான். கும்பிடு" என்றாள். பிள்ளை கும்பிட்டது.

"உங்களாலதான் ஐயா எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. நீங்க வந்து எல்லாம் சொன்னீங்களாம். ஆனாலும் அவங்கள் பேரை எடுக்கத்தான் போறாங்களாம். எங்கட விதி."

தவராசா வீட்டில்கூட அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அழகுசுந்தரம் உட்காரவில்லை. "இல்லம்மா. நான் வந்தேன். ஆனா சொல்லல. ராத்திரி எங்க இருந்தாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

புவனாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், தேத்தண்ணிக்கு எடுத்து வந்த டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். கதவைப் பூட்டினாள்.

"வாங்கோ. இப்ப வந்து சொல்லுங்கோ."

"தவராசா வரட்டுமேம்மா..."

"அவர் வந்தா உங்களுக்காக இன்னொரு பொய் சொல்லுவார். நீங்க முன்னால நடவுங்கோ."

முகாமின் நடுத்தெருவில் அவர் முன்னால், அவள் பின்னால். குழாயடியில் நின்ற பெண்கள் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். "சாட்சி சொல்ல ஆள் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

அதிகாரிக்கு இவரை அடையாளம் தெரிந்தது. சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அன்னைக்குத் தெரியாதுன்னீங்களே?"

"பொய் சொன்னேங்க. போகவிடாம நிறுத்தினது நான். தங்க வச்சதும் நான்."

"பரிந்துரை மேலே போயிடுச்சு. நீங்க இப்பச் சொல்றதையும் எழுதி அனுப்புறேன். ஏத்துப்பாங்களா, மாட்டாங்களான்னு என்னால சொல்ல முடியாது. முதல் வாக்குமூலத்தைத்தான் பெரும்பாலும் நம்புவாங்க." பேனாவைத் திறந்தார். "அன்னைக்கு ஏன் மறைச்சீங்க? அதையும் எழுதணும். சொல்லுங்க."

அதுவரை அழகுசுந்தரம் அந்தக் காரணத்தை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோதெல்லாம் அது பெரிய காரணமாகத்தான் இருந்தது.

"அது வந்துங்க... பங்காளியோட ரூமு. கேக்காமத் திறந்துட்டேன். தெரிஞ்சா நம்மளப் பத்தி என்ன நினைப்பாகளோன்னு..."

அதிகாரியின் பேனா நின்றது. வழி நெடுக அவரை ஏறிட்டுப் பார்க்காமல் வந்த புவனா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்காகவா ஐயா?"

அழகுசுந்தரம் ஆமாம் என்றார்.