மூன்றாவது ஏற்றம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் வடக்கு டெக்சாஸில் உள்ள ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். அங்கிருந்து ஆறு மணி நேரம் தெற்கே காரில் போனால் டெக்சாஸின் ஹில் கன்ட்ரி வரும். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், இடையில் தெளிந்த ஆறுகள், மாட்டுப் பண்ணைகள். மனிதர்களைப் பார்ப்பது அரிது. அங்கேதான் இது நடந்தது.

போன காரணத்திலேயே எனக்கு எரிச்சல். என் கணவருக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது போரடிக்கிறது என்று இவர் சைக்கிள் வாங்கினார். பிறகு அதைவிட நல்ல சைக்கிள். பிறகு இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு சைக்கிள். அது போதாதென்று, இத்தாலியின் மலைச் சாலைகளில் யாரோ ஓட்டுகிற வீடியோக்களைத் தினமும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தார். ஒருநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அக்டோபரில் இரண்டு பேருக்கும் ஒரு வார டஸ்கனி சைக்கிள் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டார்.

வருவதற்கு முன் நீளமான, செங்குத்தான ஒரு சுற்றுப் பாதையை ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பயண ஏற்பாட்டாளர்கள் எழுதியிருந்தார்கள். ஃபிரிஸ்கோவில் மேடு என்றால் ஃப்ரீவேக்கு மேல் போகும் பாலம்தான். அதனால் ஹில் கன்ட்ரி. நூறு கிலோமீட்டர், மூன்று பெரிய ஏற்றங்கள், ஒரே நாளில்.

அவருடைய சைக்கிள் எடை குறைவாக இருந்தால்தான் மேடு ஏறும் என்பது அவர் கொள்கை. ஆகவே டியூப், பம்ப், ரெயின் ஜாக்கெட், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வாழைப்பழம் எல்லாம் என் சைக்கிளின் பையில். அவரிடம் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் மட்டும். என் சைக்கிள் மேடு ஏற வேண்டாமா என்று கேட்டேன். உனக்கு ஸ்டாமினா ஜாஸ்தி என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை இரவே அங்கே போய்த் தங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் ஆற்றோரமாகவே பாதை. அங்கே சில இடங்களில் பாலம் கிடையாது. சாலையே தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறும். பாசி வழுக்கும் என்று நான் இறங்கித் தள்ளினேன். இவர் ஓட்டியே கடப்பேன் என்று போய், நடு ஆற்றில் சாய்ந்து, இடுப்பு வரை நனைந்தார். அதற்கும் நான் பின்னால் பேச்சுக் கொடுத்ததுதான் காரணமாம்.

முதல் ஏற்றத்தில் ஆறு முறை நின்றார். ஒருமுறை கியர் சரியில்லை, ஒருமுறை சீட் உயரம் சரியில்லை, மற்ற நான்கு முறை கைப்பிடியில் மாட்டியிருந்த கருவி சரியில்லை. அது பாதை காட்டும், இதயத் துடிப்பு காட்டும், எத்தனை சதவீதச் சரிவு என்று காட்டும். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது அது பீப் பீப் என்று கத்தியதைக் கேட்டால் ஆற்றில் வீசத் தோன்றும். நான் என் சின்ன கியரில், என் வேகத்தில், மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. சாலையோரம் முழுக்க நீலப் பூக்கள். அதை அவரிடம் ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இரண்டாவது ஏற்றம் முடிந்ததும் ஒரு மர நிழலில் நின்று, "ஏங்க, ரெண்டு பேரீச்சம்பழமாவது சாப்பிடுங்க" என்றேன்.

"இப்பத்தான் ஃபேட் பர்ன் ஆக ஆரம்பிச்சிருக்கு. கெடுக்காத" என்றார். காலையிலும் இரண்டு முட்டையோடு நிறுத்திக்கொண்டவர். அரிசி, ரொட்டி எதுவும் தொடுவதில்லை என்று அந்த மாதம் ஒரு புது விரதம். இரண்டு முறை கெஞ்சினேன். மூன்றாவது முறை கெஞ்சக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது ஏற்றம்தான் மிகச் செங்குத்தானது. அதன் அடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் மேப்பை அச்செடுத்து வைத்திருந்தேன். இவர் இடது பக்கம் என்றார். கருவியைக் காட்டச் சொன்னேன். அதுவும் வலது பக்கம்தான் காட்டியது. கருவி தப்பு என்றார். மேப்பை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எல்லாம் உனக்குத் தெரியும், இல்ல? உன்னக் கூட்டிட்டு வந்ததே தப்பு."

அவர் கை பிரேக்கின் மேல் நடுங்குவதைப் பார்த்தேன். கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. மேடு ஏறிய வேர்வை என்று நினைத்தேன். இருபத்தொரு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை என்பதும் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. "நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க" என்று சொல்லிவிட்டு வலது பக்கச் சாலையில் மிதித்தேன்.

கோபத்தில் மேடு ஏறுவது சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு தடவைகூட இறங்காமல் ஏறினேன். மேலே வண்டிகள் நிறுத்திப் பார்க்க ஒரு இடம் இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. அவருக்கு முன்னால் வந்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. போனில் சிக்னல் இல்லை. கீழிருந்து இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். கைகாட்டி நிறுத்தி, சைக்கிளோடு ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆமாம், அடிவாரத்தைத் தாண்டி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், கைகூட ஆட்டினார் என்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் இங்கே வெயிலில் நிற்கிறேன், ஐயா ஜாலியாக உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்குக் கைகாட்டுகிறார். நான் இறங்கி வந்து சமாதானம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். இறங்கினால் இந்த மேட்டை இன்னொரு முறை ஏற வேண்டும். வரட்டும், வந்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். பிறகுதான், திட்டிக்கொண்டே, இறங்கினேன்.

சைக்கிள் புல்லில் கிடந்தது. அவர் ஒரு ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று ஜில்லென்று அடித்தது. ஆனால் அவர் சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போன்ற பார்வை.

"மீட்டிங் ஆரம்பிச்சிருச்சா?" என்றார்.

கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. கடலை மிட்டாயை உடைத்து வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டார். பேரீச்சம்பழத்தைத் துப்பினார். கெஞ்சினேன், அழுதேன், அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. தலை தொங்க ஆரம்பித்தது. அந்தச் சாலையில் ஒரு வண்டி இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பிக்கப் ட்ரக், பின்னால் இரண்டு ஆடுகள் இருந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தது. நடுச் சாலையில் போய் நின்றேன். அறுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கினார். டயபெட்டிக் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். திரும்பப் போய் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலோடு வந்தார். என் கணவருக்கு எதிரே மண்டி போட்டு, தொப்பியைக் கழற்றி, நிதானமாக, சார், எனக்காக இதைக் கொஞ்சம் குடிக்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். வெளியாட்களிடம் இவர் எப்போதும் மரியாதைக்காரர். தேங்க்யூ மேடம் என்று குழறலாகச் சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தார். அந்தப் பெண்மணி கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு வாயும் விழுங்கும்வரை பார்த்துக் கொடுத்தார்.

கால் மணி நேரத்தில் இவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டார்.

சைக்கிள்களை ஆடுகளுக்குப் பக்கத்தில் ஏற்றி, எங்களை வண்டியில் உட்காரவைத்து, நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாள் ஓட்டினார். பேசாமலே வந்தவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். இவருடைய சாப்பாடு எங்கே இருந்தது? என் பையில் என்றேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். மேலே இருந்தேன். அவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள்களை இறக்கிவைத்துவிட்டு, ஆடுகள் தாகமாக இருக்கும் என்று கிளம்பிவிட்டார். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் போட்ட சர்க்கரை மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் மாலைவரை வைத்திருந்தார்கள். எத்தனை மில்லிகிராம் என்று நர்ஸ் கேட்டபோது இவர் ஒரு அளவைச் சொன்னார். இல்லை, அதில் பாதிதான் என்று நான் திருத்தினேன். இவர் கூரையைப் பார்த்தார். மூன்று வாரம் முன்பு டாக்டர் இரட்டிப்பாக்கியிருக்கிறார். சொன்னால் நான் இந்தப் பயணத்துக்கு விடமாட்டேன் என்று நினைத்து என்னிடம் மறைத்திருக்கிறார். கையில் ஊசியோடு படுத்திருக்கும் மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? அந்த நிலையிலும், "கருவிய யாராவது நிறுத்தி வெச்சீங்களா? இல்லன்னா ஆவரேஜ் ஸ்பீடு போயிருமே" என்று கவலைப்பட்டார்.

அக்டோபரில் இத்தாலிக்குப் போனோம். டாக்டரைக் கேட்டு, மாத்திரையைச் சரிசெய்துகொண்டு போனோம். அங்கேயும் நிறைய சண்டை போட்டோம்.

அவர் செய்தவற்றில் தப்புகள் நிறைய. பட்டியல் போட்டால் ஒரு பக்கம் வரும், அன்று நான் எரிச்சல்பட்டது எதுவும் அநியாயம் இல்லை. ஆனால் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தபோது, அவர் வேண்டுமென்றேதான் வராமல் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட இருக்கவில்லையே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.