அம்மை வீட்டில் சொல்லக் கூடாத சொல்

மாமனாருக்கு விலாவில் அக்கி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்காக இரண்டு மாத லீவில் எங்கள் ஆற்றங்கரை ஊருக்கு வந்திருந்தார்.

அக்கிக்கு எங்கள் பக்கம் டாக்டரிடம் போகமாட்டார்கள். பானை செய்யும் வேளார் வந்து, காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களைச் சுற்றிச் சிங்கம் வரைவார். மாமனாருக்கு வரைந்த சிங்கம் நாய்க்குட்டி மாதிரிதான் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். மறுநாள் வரைவதற்கு முன் பழைய காவியை ஈரத்துணியால் துடைத்து எடுப்பது புது மருமகளான என் வேலை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு அம்மை போட்டது. சின்ன வயதில் எனக்கு வந்ததில்லை. "வெயில்ல சினிமா, ஆறுன்னு சுத்துனா வராம என்ன செய்யும்?" என்று மாமியார் பழியை என் தலையில் போட்டார். மாமனாரின் கொப்புளங்களை ஒருவரும் நினைக்கவில்லை. அக்கி வேளார் பாடு, அம்மை அம்மன் பாடு. இரண்டும் ஒரே கிருமி என்று யாருக்குத் தெரியும்?

"ஏலே, அங்கன போவாத. ஒனக்கு இன்னும் அம்மை போடல. கொப்புளத்தோட பிளேன்ல ஏத்துவானா?" என்று மகனையும் தடுத்துவிட்டார்.

பின்கட்டு அறையில் வேப்பிலை மேல் கிடந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசுவார். ஜன்னல் கதவை நான் திறக்கவே இல்லை. முகமெல்லாம் முத்து. கல்யாண போட்டோவில் இருக்கிற முகத்தை நினைத்துக்கொண்டே அவர் போகட்டும் என்று வீம்பு.

"ஏட்டி, ஒரு தடவ தெறந்தா என்ன? என்னைய விடவா அசிங்கமா இருக்கப் போற?" என்பார். சிரிப்பேன், திறக்கமாட்டேன்.

எனக்கு முதல் தண்ணீர் ஊற்ற இரண்டு நாள் இருக்கும்போது லீவு முடிந்தது. வள்ளியூர் வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். காலையில் வாசலில் கார் வந்து நின்றது. மாமியார் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அம்மை வீட்டுல 'போயிட்டு வாரேன்'னு சொல்லப்படாதுலே. சொன்னா அம்மா மறுபடி வந்துருவா."

பின்பக்கம் செருப்புச் சத்தம். ஜன்னலில் இரண்டு தட்டு. பேச்சில்லை. கொண்டியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என் முகம் நினைவுக்கு வந்தது. கார் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். துவைக்கிற கல் மட்டும் இருந்தது. அழுது அழுது துடைத்ததில் கன்னத்தில் ஒரு கொப்புளம் உடைந்தது. அந்த வடு இப்போதும் இருக்கிறது.

அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் காத்திருந்தேன். பிறகு எத்தனையோ லீவு. ஒவ்வொரு தடவையும் 'போயிட்டு வாரேன்' என்றார், வந்தார். ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒரு மதியம், தூக்கத்திலேயே, சொல்லாமல் போய்விட்டார்.

போன வருஷம் எனக்கு விலாவில் அக்கி. டாக்டரம்மா பழைய கதையையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாமனார் அக்கியிலேருந்துதான் ஒங்களுக்கு அம்மை வந்திருக்கும். அந்தக் கிருமி போகவே இல்லம்மா. இத்தன வருஷமா ஒங்க நரம்புலேயே ஒறங்கிக் கெடந்திருக்கு."

மருந்துச் சீட்டோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். விலா எரிந்தது. அம்மன் போகவே இல்லையாம். போகாதவள் எங்கே திரும்பி வருவது? அந்த மனுஷன் தாராளமாகச் சொல்லிவிட்டே போயிருக்கலாம். நானும் திறந்திருக்கலாம்.