பொன்முடி வண்டியில் என் சீட்டு

பொன்முடிக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேளுங்கள். சாலைக் கடைத்தெருவில் நான் பில் போடும் மளிகைக் கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். எந்த பஸ், எங்கே டீ நன்றாக இருக்கும், மேலே குளிருமா, எல்லாம் சொல்வேன். நான் போனதில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

திருவனந்தபுரத்திலேயே பிறந்து ஐம்பதை நெருங்கிவிட்டேன். திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த என் அக்கா மே மாதமானால் குடும்பத்தோடு வருவாள். நான் பொன்முடிக்கு வண்டி பிடிப்பேன். வண்டியில் சரியாக ஒரு ஆளுக்கு இடம் குறையும்.

"உனக்கென்னல, நீ இங்கயேதான இருக்க. எப்ப வேணும்னாலும் போயிக்கிடலாம்லா" என்பாள். என் மனைவி உட்பட எல்லாரும் ஏறிப் போவார்கள். நான் கையசைப்பேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி. தனியாகப் போகலாம்தான். ஆனால் மலை உச்சியில் ஒற்றை ஆளாக நின்று வேடிக்கை பார்ப்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்த வருஷம் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தலைகளை எண்ணி, இரண்டு சீட்டு கூடுதலாக உள்ள வேனைச் சொல்லிவைத்தேன். முதல் நாள் மிருகக்காட்சிசாலை, இரண்டாம் நாள் சங்குமுகம் கடற்கரை, மூன்றாம் நாள் பொன்முடி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திட்டத்தை அனுப்பினேன். பதிலுக்கு அத்தான் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியம்வரை தூங்கிவிட்டு மாலுக்குப் போனார்கள். இரண்டாம் நாள், மாலில் பார்க்காமல் விட்ட மாடியைப் பார்க்கப் போனார்கள். திருநெல்வேலியில் மாடியே கிடையாது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் அத்தானின் ஆபீஸ் நண்பர் மனைவியோடு வந்து இறங்கினார். "சும்மா வாங்கன்னு சொன்னேன், வந்துட்டாரு" என்றார் அத்தான். கூடுதல் சீட்டுகள் இரண்டும் போயின. என்னுடையது இன்னும் இருந்தது.

அடுத்து சட்டி வந்தது. அத்தானுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. கேரளத்து ஹோட்டலில் தண்ணீர்கூட அவருக்கு அந்த வாசம் அடிக்கும். அதனால் அக்கா ஊரிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்து, பெரிய சட்டி நிறையச் சாம்பார் சாதம் கிண்டியிருந்தாள். "கீழ வச்சா கால் படும்லா" என்று அதை என் ஜன்னலோர சீட்டில் வைத்தாள். "ஏல, நீதான்..."

"இங்கயேதான இருக்கேன்" என்று முடித்து வைத்தேன்.

"பாத்தியளா, அவனுக்கே தெரியுது."

காப்பாற்றியவர் மலையாளி டிரைவர். "சேட்டா, ஈ பாத்திரம் சீட்டில வைக்கண்டா. மலையில வளவு கொறே உண்டு. மறிஞ்ஞா சாம்பார் முழுவன் சீட்டில. ஆரெங்கிலும் மடியில பிடிக்கணும்." மலையில் வளைவுகள் நிறைய, கவிழ்ந்தால் எல்லாம் சீட்டில்தான், யாராவது மடியில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

அத்தானுக்கு முழங்கால் வலி. நண்பர் விருந்தாளி. அக்கா மலையேறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள்.

"எனக்கு வாந்தி வரும். இஞ்சேருங்க, நீங்க ஏறிப் பிடிச்சுக்கிடுங்க" என்றாள் அவள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு எந்த வண்டியிலும் வாந்தி வந்ததில்லை.

இப்படியாக, சட்டியைத் தாங்கும் ஸ்டாண்டாக நான் பொன்முடி போனேன். பிள்ளைகள் "தேயிலை! தேயிலை!" என்று கத்தினார்கள். நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் சட்டி ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய்ந்தேன்.

மேலே ஒரே மூடுபனி. "இதப் பாக்கவா இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்த?" என்றார் அத்தான், பனியை நான்தான் ஆர்டர் கொடுத்து வரவழைத்த மாதிரி. குளிருகிறது என்று எல்லாரும் வண்டிக்குள் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டு நான் வெளியே நின்றேன்.

சட்டென்று பனி விலகியது. கீழே நாங்கள் வந்த வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. கடையில் நான் எல்லாருக்கும் சொல்லி அனுப்பும் பஸ், தீப்பெட்டி அளவில், தேயிலைக்கு நடுவே ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால் மலைக்குப் பின் மலை. கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொண்டது.

"என்னல தெரியுது அங்க?" அக்கா வண்டிக்குள்ளிருந்து கத்தினாள்.

"ஒண்ணும் இல்லக்கா. வெறும் மூட்டம்தான்."

"சரி விடு. உனக்கென்ன, இங்கயேதான இருக்க. இன்னொரு நாள் வந்து பாத்துக்கிடலாம்" என்று ஆறுதல் சொன்னாள்.

வண்டி கிளம்பத் தயாரானது. சட்டி காலியாகியிருந்தது. யாரும் சொல்லாமலே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.